நாற்பது நிமிடம் நான்கு நொடியான கதை

1

அருணாசலத்தின் முதல் வருஷத் தெவசத்துக்கு ஊருக்குப் போக விடுப்புக் கேட்டேன். அலுவலகத்தின் இணையப் படிவம், இறந்தவர் எனக்கு என்ன உறவு என்று கேட்டது. பெற்றோர், துணை, பிள்ளை, உடன்பிறந்தவர் என்று ஒரு பட்டியலைக் கொடுத்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. நண்பன் அந்தப் பட்டியலில் இல்லை. இறந்த தேதியைப் போட்டால், இவ்வளவு பழைய தேதி செல்லாது என்று சிவப்பு எழுத்தில் திட்டியது. தெவசம் என்று ஒன்று இருப்பதை அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு முறை முட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் சுற்றுலா என்று போட்டேன். ஐந்து நிமிடத்தில் அனுமதி வந்துவிட்டது.

படிவத்தின்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. இந்த மாதிரிப் படிவங்களுக்குப் பின்னால் இருக்கும் டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பதுதான் என் பிழைப்பு. அயர்லாந்தின் ஒரு சின்ன நகரத்தில், ஒரு தனியார் மருத்துவமனைக் குழுமத்துக்காகப் பதினான்கு வருஷமாக அதைச் செய்கிறேன். திருவண்ணாமலையில் யாராவது கேட்டால் என் உறவினர்கள் “கம்ப்யூட்டர்ல ஏதோ” என்பார்கள். அந்த ஏதோவைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். ஒரு வருஷமாக எழுதாமல் தள்ளிப்போட்டதும் அதைத்தான்.

2

நானும் அருணாசலமும் ஒரே பள்ளிக்கூடம். நான் டவுன், அவன் அடி அண்ணாமலை. எங்கள் வகுப்பில் மட்டும் ஐந்து அண்ணாமலை, நான்கு அருணாசலம். வாத்தியார் பெயர் கூப்பிடும்போது இனிஷியலைத்தான் அழுத்திச் சொல்வார். ஏ. அருணாசலம் என்றால் இவன், ஏழுமலையின் மகன். பௌர்ணமிக் கூட்டத்தில் யாராவது தொலைந்துபோனால் மைக்கில் வெறும் அண்ணாமலை என்று கூப்பிட்டுப் பயனில்லை என்பது உங்களுக்கே தெரியும். கீழ்பென்னாத்தூர் அண்ணாமலை, வேன் டிரைவர் அண்ணாமலை என்று எதையாவது சேர்த்தால்தான் சரியான ஆள் வந்து நிற்பார்.

வெளிநாட்டுப் படிவங்களில் இனிஷியலுக்கு மரியாதை கிடையாது. குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நம்மிடம் இல்லாத அந்த ஒன்றைத்தான் முதலில் கேட்பார்கள். நான் கிளம்பும்போது அதில் அப்பாவின் பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து நான் மிஸ்டர் குப்புசாமி. வாழ்நாள் முழுக்க பஸ் கண்டக்டராக இருந்த என் அப்பாவை அயர்லாந்தில் பல் பிடுங்கும் டாக்டர் வரை எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். என் மகள் மீனா பள்ளியில் ஹாக்கி ஆடுகிறாள். அவள் கூட்டாளிகளுக்கு அவள் குப்ஸ். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து குப்ஸ், குப்ஸ் என்று கத்துவார்கள். அவள் திரும்பிப் பார்ப்பாள். அது தாத்தாவின் பெயர் என்பது அவளுக்குத் தெரியும், ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்ற நினைப்பு அவளுக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அருணாசலம் என்னைப் போல் வளைந்துகொடுக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன், இங்கே ஒரு இந்திய உணவகத்தில் தோசை மாஸ்டர் வேலைக்கு நான்தான் சொல்லி அவனை வரவழைத்தேன். பாஸ்போர்ட் எடுக்கும்போது அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடு என்று போனில் படித்துப் படித்துச் சொன்னேன். “எங்கப்பா பேரு எங்கப்பாவுக்குடா. அத்த நான் எதுக்கு எடுத்துக்கணும்?” என்று கேட்டுவிட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டான். அதன்பின் ஒவ்வொரு அலுவலகமும் அவனைத் தன் இஷ்டத்துக்கு எழுதியது. வங்கி ஒரு புள்ளி வைத்தது. குடியேற்ற அலுவலகம் அவன் பெயரையே இரண்டு தடவை போட்டது. மனைவி தேவியை அழைத்துவர அவன் அனுப்பிய விண்ணப்பம் பெயர் பொருந்தவில்லை என்று இரண்டு முறை திரும்பி வந்தது. எங்கள் மருத்துவமனை மட்டும்தான் நேர்மையாக அந்தக் கட்டத்தைக் காலியாகவே வைத்துக்கொண்டது. ரத்தம் பரிசோதிக்கும் ஆய்வகமும் அப்படியே செய்தது.

ஆங்கிலம் அவனுக்குச் சமையலறை அளவுக்கு வந்தது. எப்படி இருக்கிறாய் என்று இங்கே யார் கேட்டாலும் ‘கிராண்ட்’ என்று சொல்வது வழக்கம். அதை வந்த வாரமே பிடித்துக்கொண்டான். பிற்பாடு காய்ச்சலோடு டாக்டர் முன் உட்கார்ந்தபோதும், எப்படி இருக்கிறாய் என்று அவர் கேட்டதற்குக் கிராண்ட் என்றான். நான் குறுக்கிட்டு, இல்லை டாக்டர், இவனுக்கு ஒரு மாதமாக முடியவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

3

இனி என் வேலை. தொழில் சமாசாரம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள், கொஞ்சம்தான்.

நோயாளிகளின் விவரம் எங்களிடம் ஒரு டேபிளில், அதாவது ஒரு அட்டவணையில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை முடிவுகள் வெளியே இருக்கும் ஆய்வகம் அனுப்பும் இன்னொரு டேபிளில் இருக்கின்றன. இந்த முடிவு இந்த ஆளுடையது என்று இரண்டையும் பொருத்துவதற்கு ஜாயின் என்று பெயர். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான எண் இருந்தால் சுலபம். ஆய்வகத்துக்கு எங்கள் நோயாளி எண் தெரியாது. அதனால் பெயர், குடும்பப் பெயர், பிறந்த தேதி மூன்றையும் வைத்துப் பொருத்தும்படி எனக்கு முன்னால் இருந்த ஒருவர் எழுதிவைத்துவிட்டு ஓய்வுபெற்றுப் போயிருந்தார். முடிவு மோசமாக வந்தவர்களின் பட்டியல் ஒவ்வொரு திங்கள்கிழமை காலையிலும் அதிலிருந்துதான் வரும். நர்சுகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடுவார்கள்.

அந்தப் பட்டியல் வர நாற்பது நிமிடம் ஆனது. சில திங்கள்கிழமைகளில் பாதியிலேயே அறுந்துபோனது. நர்சுகள் முணுமுணுத்து, மேலாளர் முணுமுணுத்து, அது என் மேசைக்கு வந்தது.

எந்த டேபிளில் எவ்வளவு இருக்கிறது என்று டேட்டாபேஸ் தனக்குத்தானே ஒரு மதிப்பீடு வைத்திருக்கும். அது பழையதாகிவிட்டால் தப்பான வழியில் தேடும். முதல் நாள் அதைப் புதுப்பித்துப் பார்த்தேன், மாற்றமில்லை. வேறு ஏதாவது வேலை குறுக்கே நின்று டேபிளைப் பூட்டிவைத்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. இரண்டாம் நாள்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். கேட்டதை எந்த வழியில் தேடப்போகிறேன் என்று டேட்டாபேஸே ஒரு திட்டம் எழுதிக் காட்டும். அதைப் படித்ததும் விளங்கிவிட்டது. குடும்பப் பெயரைச் சட்டென்று தேடி எடுக்க ஒரு இண்டெக்ஸ் இருந்தது. அதை அது தொடவே இல்லை. ஒவ்வொரு முடிவுக்கும் ஆள் தேட, டேபிளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துக்கொண்டிருந்தது. தீபத்துக்கு வந்த சொந்தக்காரரை லாட்ஜ் ரிஜிஸ்டரில் பார்க்காமல், ஊரில் உள்ள அத்தனை அறைக் கதவையும் தட்டித் தேடுகிற மாதிரி.

காரணமும் அங்கேயே இருந்தது. பழைய ஆள் இரண்டு பக்கத்துக் குடும்பப் பெயர்களையும் நேராக ஒப்பிடவில்லை. கட்டம் காலியாக இருந்தால் அதை ஒரு வெற்றுச் சொல்லாக மாற்றி, பிறகு ஒப்பிடும்படி எழுதியிருந்தார். அப்படி மாற்றினால் இண்டெக்ஸ் உதவாது. அந்த மாற்றத்தை எடுத்துவிட்டேன். நான்கு நொடியில் பட்டியல் வந்து நின்றது.

அவர் ஏன் அப்படி எழுதினார் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். காலிக் கட்டத்தை டேட்டாபேஸ் ‘தெரியாது’ என்று வைத்துக்கொள்ளும். தெரியாததும் தெரியாததும் ஒன்று என்று அது ஒருபோதும் ஒத்துக்கொள்ளாது. ஆக, இந்தப் பக்கமும் காலி, அந்தப் பக்கமும் காலி என்றால் பொருத்தம் இல்லை. பிழை என்று ஒரு செய்தியும் வராது. அந்த ஆள் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விழுந்துவிடுவார். தொழிலுக்கு வந்த முதல் வருஷத்தில் படிக்கிற பாடம் இது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

புதிய பட்டியலில் பழையதைவிடப் பதினோரு வரிகள் குறைவாக இருந்தன. அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். விடுபட்டவற்றில் முதல் மூன்று வரிகளைத் திறந்தேன். மூன்றும் நாங்களே சோதனைக்காகப் போட்டுவைத்த போலி நோயாளிகள். குப்பை கழிந்தது என்று முடிவுகட்டினேன். மீதி எட்டைத் திறக்கவில்லை. மாற்றிய பெயரை டேபிளிலேயே தனியாக ஒரு கட்டத்தில் சேமித்து அதற்கு ஒரு இண்டெக்ஸ் போட்டிருந்தால் வேகமும் கிடைத்திருக்கும், ஒருவரும் விழுந்திருக்க மாட்டார்கள். அரை நாள் வேலை. அன்று மீனாவுக்கு ஹாக்கி ஆட்டம் இருந்தது, போய்விட்டேன்.

குடும்பப் பெயர் இல்லாத மனிதர்கள் உலகத்தில் உண்டு என்பது அந்த அலுவலகத்தில் யாருக்குத் தெரியாமல் இருந்தாலும் பரவாயில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் திருவண்ணாமலைக்காரன்.

அடுத்த வாரம் மேலாளர் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். நாற்பது நிமிடம் நான்கு நொடியாகிவிட்டது என்று என் பெயரைப் போட்டுப் பாராட்டியிருந்தார். கேக் வெட்டினார்கள். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

4

திறக்காத எட்டில் ஐந்தாவது வரி அருணாசலம்.

பட்டியலில் நான் கைவைத்ததற்கு முந்தின வாரம் நான்தான் அவனைக் காரில் எங்கள் மருத்துவமனைக்கே கூட்டிப்போயிருந்தேன். உடம்பில் தெம்பில்லை, பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது என்றான். ரத்தம் எடுத்தார்கள். ஏதாவது இருந்தால் கூப்பிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து அவன் வேலை செய்த கடைக்குச் சாப்பிடப் போனபோது சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

“இன்னும் கூப்புடலடா. ஒண்ணும் இருக்காதில்ல?”

“மோசமா இருந்தாத்தான் கூப்புடுவாங்க. அந்த லிஸ்ட்டே என் கையால தான் போவுது. கூப்புடலன்னா நல்லதுனு அர்த்தம். நிம்மதியா இரு.”

அவன் நிம்மதியாக இருந்தான். அப்புறமும் ஒருமுறை கேட்டான், அதே பதிலைச் சொன்னேன். அவனும் தேவிக்குப் போன் போட்டு, நண்பனே சொல்லிவிட்டான், ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறான்.

நான்காவது மாதம் கடையிலேயே சுருண்டு விழுந்தான். ரத்தப் புற்றுநோய். வார்டில் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு பெண் டாக்டர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கி, நான்கு மாதத்துக்கு முன் எடுத்த ரத்தத்திலேயே இது தெரிந்திருக்கிறது, அப்போதே மருந்தைத் தொடங்கியிருந்தால் நல்ல வாய்ப்பு இருந்திருக்கும் என்றார். அதைத் தமிழில் அவனிடம் சொன்னேன். அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்.

“அப்ப ஏன் கூப்புடல?”

அதை ஆங்கிலத்தில் டாக்டரிடம் கேட்டேன். தெரியவில்லை, விசாரிக்கிறோம் என்றார். அதையும் தமிழில் சொன்னேன். விசாரணை எங்கே வந்து நிற்கும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அங்கிருந்து நேராக அலுவலகம் போய் பழைய ஆள் எழுதியிருந்த தேடலை அப்படியே ஓடவிட்டேன். விழுந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். அன்றே மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மற்றவர்களை அன்று மாலைக்குள் கூப்பிட்டுவிட்டார்கள். யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தோளைத் தட்டி, இங்கே நாங்கள் தனி ஆளைக் குற்றம் சொல்வதில்லை, முறையில்தான் குறை என்றார். நல்ல மனிதர். அவர் காறித் துப்பியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். விசாரணை முடியும்வரை குடும்பத்தாரிடம் எதுவும் பேச வேண்டாம் என்றும் சொன்னார். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அருணாசலம் இன்னும் ஏழு வாரம் இருந்தான். தினமும் போனேன். முகம் துடைத்துவிட்டேன், கஞ்சி வைத்து எடுத்துப்போனேன், நகம் வெட்டிவிட்டேன். அவனை அவன் அப்பாவுக்கும் தேவிக்கும் வீடியோவில் காட்டினேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். அவன் போய்விட்டான்.

பிறகு மருத்துவமனையிலிருந்து தேவிக்கு மூன்று பக்கக் கடிதம் போயிற்று. ஆங்கிலத்தில் இருந்ததால் அவள் அதைப் படம் எடுத்து எனக்கே அனுப்பிப் படித்துச் சொல்லுங்கள் என்றாள். ‘ஒரு தொழில்நுட்ப மாற்றத்தின் விளைவாக’ என்று அதில் ஒரு வரி இருந்தது. கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறாம் என்று சொன்னேன். என் உறவினர்கள் என் வேலையைப் பற்றிச் சொல்லும் அதே ஏதோதான்.

5

விமான நிலையத்தில் இறக்கிவிட மீனாவும் வந்திருந்தாள். ஊருக்கு வருகிறாயா என்று கேட்டதற்கு ஹாக்கி முகாம் என்று சொல்லிவிட்டாள். பதினைந்து வயது. போன முறை திருவண்ணாமலைக்கு வந்தபோது எல்லாவற்றையும் கையில் போனை வைத்துக்கொண்டே பார்த்தாள். தமிழ் புரியும், பேசினால் வாக்கியம் பாதியில் நின்றுவிடும். அருணாசலம் விஷயம் முழுதும் அவளுக்குத் தெரியும். வீட்டில் நானும் மனைவியும் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தாள்.

“அப்பா, தேவி ஆன்ட்டிக்குத் தெரியுமா? நீங்க... நீங்கதான்னு?”

தெரியாது, சொன்னால் அவர்களுக்கு மனக்கஷ்டம், இப்போதுதான் கொஞ்சம் தேறியிருக்கிறார்கள் என்றேன். நம் ஊரில் இந்தப் பதிலை யாரும் மறுக்க மாட்டார்கள். சமயம் பார்த்துச் சொல்லலாம், விட்டுவிடலாம் என்று ஆளுக்கொன்று சொல்லி என்னைத் தப்பிக்க வைத்திருப்பார்கள். அவளுக்கு அந்த நெளிவு சுளிவெல்லாம் தெரியாது. அது எங்கள் கையைவிட்டுப் போன பிள்ளை என்று நான் பலமுறை வருந்தியதுண்டு.

“அது தப்பு,” என்றாள். பெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

6

அடி அண்ணாமலையில் ஏழுமலையின் டிபன் கடை கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. வீடு பின்னால். தெவசத்துக்காகக் கடையை மூடியிருந்தார்கள். மூடிய கடைக்கு முன்னாலும் இரண்டு ஆட்டோக்காரர்கள் வந்து டீ கேட்டுவிட்டுப் போனார்கள். ஏழுமலை என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். வந்திருந்த ஒவ்வொருவரிடமும் என்னைக் காட்டி, இந்தத் தம்பிதான் கடைசி வரைக்கும் பக்கத்திலேயே இருந்தது, பெத்த புள்ள மாதிரி பார்த்துக்கினு இருந்தது என்றார். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார். எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

அருணாசலத்தின் படத்துக்கு முன் படையல் போட்டார்கள். அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு இல்லை, தெவசம் என்பதால் சைவம். கற்பூரம் காட்டி, காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டுக் காத்திருந்தோம். அந்த நேரத்தில் தேவி பின்பக்கக் குழாயடியில் வாழை இலைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. போய் நின்றேன். அங்கேயும் சொல்லாமல் போயிருந்தால் இனி எங்கேயும் சொல்லியிருக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல் வர நேரமானது, அதை நான் சரிசெய்யப் போனது, பதினோரு பேர் விழுந்தது, மூன்றை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடியது, ஹாக்கி ஆட்டத்துக்குப் போனது. கடிதத்தில் இருந்த தொழில்நுட்ப மாற்றம் நான்தான் என்றேன். அவள் இலை கழுவுவதை நிறுத்தவில்லை. சொல்லி முடித்ததும் குழாயை மூடினாள்.

“மத்தவங்க?”

“மூணு பேரு பொய் ஆளுங்க, சும்மா போட்டு வெச்சது. மீதி ஏழு பேரையும், அப்புறம் விழுந்தவங்களையும் கூப்ட்டுட்டாங்க தேவி. எல்லாரும் நல்லா இருக்காங்க.”

“அப்ப இவரு மட்டும்தான்.”

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“கூப்புடலன்னா நல்லதுனு அவருகிட்ட சொன்னீங்களே. அப்பவே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது. அன்னிக்கு அந்த எட்டையும் தெறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

தலையை ஆட்டினாள். கணக்கு சரியாக வந்ததற்கு ஆட்டுகிற மாதிரிதான் இருந்தது. அழுவாள், ஏதாவது எடுத்து வீசுவாள் என்று நினைத்தேன். வீசியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவள் கழுவிய இலைகளை ஒவ்வொன்றாக உதறி அடுக்கினாள்.

“மாமாகிட்ட சொல்லாதீங்கண்ணா,” என்றாள். “நீங்க கூட இருந்தீங்கன்றது ஒண்ணுதான் அவருக்கு இருக்குது. அதையும் எடுத்துட்டா அவரு தாங்க மாட்டாரு.”

சரி என்றேன்.

“சாப்ட்டு போங்க. படையல் போட்ட ஊட்ல இருந்து சாப்டாம போவக்கூடாது. அவரு பேரச் சொல்லி போட்டது.” இலைகளை இடுப்பில் அணைத்துக்கொண்டாள். “ஆனா இனிமே இந்த ஊட்டுக்கு வராதீங்க.”

அதைச் சொல்லும்போதும் வாங்க, போங்க என்ற மரியாதை குறையவில்லை. வாசலில் காக்காய் வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன்.

பந்தியில் ஏழுமலை என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். தேவிதான் பரிமாறினாள். வடையை அவர் தன் இலையிலிருந்து எடுத்து என் இலையில் வைத்தார். நீ மெலிஞ்சுட்ட, நல்லா சாப்புடு என்றார்.

“வருஷா வருஷம் வந்துடு தம்பி,” என்றார் ஏழுமலை. “நீ வந்தா அவனே வந்த மாதிரி இருக்குது எனக்கு.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“அவ்ளோ தூரத்துல இருந்து வருஷா வருஷம் அவரால வர முடியாது மாமா,” என்றாள் தேவி. குனிந்து என் இலையில் ரசம் ஊற்றினாள். ஏழுமலை என் முகத்தைப் பார்த்தார். ஆமாங்கப்பா என்றேன்.